கேமராவுக்கு முன்னால் நின்றவர்களுக்கு

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், பெரியகுப்பம், எர்ணாவூர் எனக் கரையோரம் வாழும் அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் பெரியவர்களுக்கும்,

பொங்கல் முடிந்த கையோடு உங்கள் ஊருக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். எண்ணூரிலோ கத்திவாக்கத்திலோ ரயிலை விட்டு இறங்கி, தோளில் டிரைபாடும் முதுகில் கேமராப் பையுமாக, "முகத்துவாரத்துக்கு எப்படிப் போறது அண்ணா?" என்று டீக்கடையில் வழி கேட்பார்கள். விஸ்காம், ஜர்னலிசம், மாஸ் கம்யூனிகேஷன் என்று படிப்பின் பெயர் மாறும். வந்த காரியம் ஒன்றுதான். கடைசி செமஸ்டருக்கு ஓர் ஆவணப்படம் எடுத்தாக வேண்டும். சென்னையில் இருந்துகொண்டு ஆற்றையும் கடலையும் புகையையும் ஒரே இடத்தில் படம் பிடிக்க வேண்டுமென்றால் உங்கள் ஊரை விட்டால் வேறு ஊர் கிடையாது. வந்த பிள்ளைகளை நீங்கள் விரட்டியதாக இன்றுவரை ஒரு பேச்சு என் காதுக்கு வந்ததில்லை. வெயிலில் வந்திருக்கிறதே என்று தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் என்ன ஏது என்று விசாரித்திருக்கிறீர்கள்.

படம் முடிந்ததும் கூடவே ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டு போட்டுக் கொடுப்பார்கள். அதன் முதல் பக்கங்களில் நன்றியுரை இருக்கும். துணைவேந்தர், துறைத் தலைவர், வழிகாட்டி ஆசிரியர், பெற்றோர், லென்ஸ் இரவல் கொடுத்த நண்பன் என்று பெயர் பெயராக எழுதிவிட்டு, கடைசியில் "களத்தில் ஒத்துழைத்த பொதுமக்களுக்கும் நன்றி" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குள் அடங்குகிறவர்கள் இல்லை நீங்கள். நான் ஊடகம் படித்தவள். இப்போது அதையே சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி சேப்பாக்கத்து வகுப்பறையில் கற்றது. மீதிப் பாதி உங்கள் வாசலிலும் படகுத் துறையிலும் கற்றது. அந்தப் பாதிக்கான நன்றியுரையைத்தான் ஊரறிய எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வேற்றூர்க்காரி இல்லை. திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. எங்கள் தெருவில் படிப்பு என்றால் ஐ.டி.ஐ. ஃபிட்டர், டிப்ளமோ மெக்கானிக்கல், பெண்பிள்ளை என்றால் நர்சிங் அல்லது டீச்சர் டிரெயினிங். "ஜர்னலிசமா? அத்த படிச்சா இன்னா வேலைம்மா?" என்று எதிர்வீட்டு மாமா கேட்டார். அப்பா, "பேப்பர்ல எழுதுவா" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பதிலைச் சொன்ன குரலில் ஒரு தயக்கமும் இல்லை. அதற்காக அவருக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

தினமும் திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறிப் பீச் ஸ்டேஷன் போய், அங்கிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம். நடுவில் 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் வரும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். அதைத் தாண்டினால் ஒரு பக்கம் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். இறங்கி நடந்தால் சென்னைப் பல்கலைக்கழகம். இதழியலைப் பல்கலைக்கழகப் பாடமாக இந்தத் துணைக்கண்டத்தில் தொடக்க காலத்திலேயே கொண்டுவந்த இடங்களில் ஒன்று லாகூர், 1941-ல். அதற்கு அடுத்த வரிசையில், நாடு விடுதலை பெற்ற 1947-லேயே, சென்னைப் பல்கலைக்கழகம் அதற்கு ஒரு டிப்ளமோ படிப்பைத் தொடங்கிவிட்டது. அச்சுக் கோக்கிற காலத்தில் தொடங்கிய படிப்பு, நான் சேர்ந்தபோது கம்ப்யூட்டரில் படத்தொகுப்பு செய்கிற காலத்துக்கு வந்திருந்தது.

அந்த வகுப்பறையையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 'ஏட்டுச் சுரைக்காய்' என்று படிப்பை ஒதுக்கிப் பேசுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. 1948-ல் ஹெரால்டு லாஸ்வெல் என்ற அமெரிக்க அறிஞர், செய்தித் தொடர்பை ஆராய ஐந்து கேள்விகளை வரிசைப்படுத்தினார். யார் சொல்கிறார், என்ன சொல்கிறார், எதன் வழியாகச் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், அதனால் என்ன விளைகிறது. முதல் வாரத்திலேயே இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்தோம். அந்த ஐந்தையும் எனக்கு உயிரோடு நடத்திக் காட்டியவர்கள் நீங்கள்.

முகத்துவாரக்குப்பத்தில் ஓர் அக்கா. வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, அன்னக்கூடை இறாலைத் தலை கிள்ளித் தோல் உரித்துக்கொண்டிருந்தார். நான் காலர் மைக்கை எடுத்ததும், "ஜாக்கெட்ல மாட்டணுமா, பொடவைல மாட்டணுமா?" என்று கேட்டார். எங்களுக்கு முன்னால் எத்தனையோ பிள்ளைகள் அவரிடம் வந்து போயிருந்தார்கள். ஆற்றில் முன்பு கையால் தடவியே இறால் பிடித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், நடு வாக்கியத்தில் சட்டென்று நிறுத்தி, உரிக்கிற கையையும் நிறுத்தினார். சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி திரும்புவது எனக்கு அதற்குப் பிறகுதான் கேட்டது. லாரி ஹாரன் அடித்துப் போய்த் தேய்ந்து மறைகிறவரை கையில் பாதி உரித்த இறாலோடு அசையாமல் இருந்தார். "சத்தம் உள்ள வந்துடும். மறுக்கா சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, விட்ட வாக்கியத்தை அதே குரலில், அதே வேகத்தில் முதலிலிருந்து தொடங்கினார். தோல் உரிக்கிற சரசரப்பு மைக்கில் விழக்கூடாது என்று, முடிக்கிறவரை இறாலைத் தொடவில்லை. அவருக்கு அது சம்பாத்தியம் நிற்கிற நேரம். தலை கிள்ளின இறாலுக்குத்தான் அன்றைக்குக் கூலி.

அந்த ஒலிப்பதிவை வகுப்பில் போட்டபோது எங்கள் ஆசிரியர், வெட்டுவதற்கு எவ்வளவு சுத்தமான இடம் விட்டிருக்கிறாய் என்று பாராட்டினார். இடம் விட்டது நான் இல்லை என்று அப்போதே சொன்னேன். இங்கே எழுத்தில் பதிவு செய்கிறேன். சூழல் ஒலி, வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் விட வேண்டிய மௌனம், பேசுகிறவரின் மூச்சு ஓய்கிற இடம், எல்லாமே அந்த வாசலில் எனக்குப் புரிந்தன. இன்றைக்கும் ஒலிப்பதிவு வகுப்பை அந்த அக்காவின் லாரிக் கதையோடுதான் தொடங்குகிறேன்.

பேட்டி முடிந்து மைக்கைக் கழற்றும்போது அவர் ஒன்று கேட்டார். "இது எதுல வரும்மா?" எந்த டி.வி., எந்த நாள், எத்தனை மணி? லாஸ்வெல்லின் மூன்றாவது கேள்வியை அவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். காலேஜுக்காக எடுக்கிறது அக்கா, டி.வி.யில் வராது என்றேன். அவர் முகத்தில் ஏமாற்றம் எதுவும் இல்லை. "சரி, நல்லா மார்க்கு வாங்கு" என்றார். எனக்குத் தெரிந்த யாரும் இவ்வளவு பெரிய மனதோடு ஒரு பதிலை ஏற்றுக்கொண்டதில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. இந்த மடல் அதைச் சுற்றியேதான் போகப்போகிறது.

அதற்கு முன், செய்தி ஆதாரம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணனுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்குள் நான் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவளாகிவிட்டேன். சிவன்படைக்குப்பத்தில் அவருடைய ஃபைபர் படகில் ஆற்றுக்குள் போனோம். கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிற அந்த அகன்ற நீர்ப்பரப்பில் ஓரிடத்தில் இறங்கி நின்றார். தண்ணீர் இடுப்புக்குக் கூட வரவில்லை. ஒரு காலத்தில் இங்கே ஆள் ஆழம் இருந்தது என்றார். அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேறு குழாய் உடைப்புகள் வழியாக ஆற்றில் படிந்து படிந்து மேடாகிவிட்டதை அவர் ஒரு சாட்டிலைட் படமும் காட்டாமல், நின்ற இடத்தில் நின்றே காட்டினார். பிறகு குனிந்து, அடியில் கைவிட்டு, கொத்தாக எதையோ பிடுங்கி எடுத்து ஒரு மாணவியின் உள்ளங்கையில் வைத்தார். கறுத்த சின்னச் சின்னச் சிப்பிகள், ஒன்றோடொன்று நாரால் பின்னிக்கொண்டு, சேறு வழிய.

"இதான் காக்கா ஆழி. நம்ம ஊரு ஐட்டம் இல்ல இது. கீழ பாய் விரிச்ச மாதிரி மூடிக்கிச்சு. இறா சேத்துல பூந்துதான் இருக்கும். இது மூடிக்கினா எங்க பூரும்? மஞ்ச மட்டியும் பூடுச்சு."

தென் அமெரிக்கக் கடற்கரைகளைச் சேர்ந்த அந்தச் சிப்பி எண்ணூர் ஆற்றைப் பிடித்துவிட்டது என்பது பிறகு பத்திரிகைகளில் வந்தது, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கப்பல்களோடு வந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். ஆனால் அதைக் கண்டு, பெயரிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது, எந்த மீனுக்கு என்ன கேடு என்று கணக்கு வைத்திருந்தவர்கள் நீங்கள். நிபுணரிடம் கேள், அதிகாரியிடம் கேள், பாதிக்கப்பட்டவரிடம் கேள் என்று செய்தி எழுதும் பாடத்தில் மூன்று அறைகளாகப் பிரித்துச் சொல்லித் தருவோம். பாதிக்கப்பட்டவரே நிபுணராகவும் இருக்கிற இடத்தில் அந்தப் பிரிவினை செல்லாது. 'மீனவர்கள் குமுறல்' என்று தலைப்புப் போட்டு உங்கள் கண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் அறிவை விட்டுவிட்டு வருகிற செய்திகளை நான் என் மாணவர்களிடம் ஏற்றுக்கொள்வதில்லை. அந்தப் பிடிவாதம் அந்த அண்ணன் படகில் வந்தது.

2017 எனக்கு மறக்காது. அந்த வருடப் பொங்கலன்று டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' வெளியானது. உங்கள் கழிமுகத்தில், சாம்பலுக்கும் கன்வேயர் பெல்ட்டுக்கும் நடுவில் நின்று அவர் பாடுகிற காட்சியை உலகம் பார்த்தது. சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 28 விடிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு அருகில் பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய்க் கசிவால் பாதிப்பில்லை என்கிற மாதிரிதான் முதல் நாள் துறைமுகத் தரப்பின் அறிக்கை இருந்தது. கரையில் இருந்த நீங்கள் கறுப்பாக ஒதுங்கியதைக் காட்டினீர்கள், நாறுகிறது என்றீர்கள், ஆமை செத்து ஒதுங்குகிறது என்றீர்கள். சில நாளில் எர்ணாவூர்க் கரையில் ஆட்கள் வரிசையாக நின்று பிளாஸ்டிக் பக்கெட்டில் எண்ணெய்ச் சேற்றை அள்ளிக் கைமாற்றிக்கொண்டிருந்த படம் நாடெங்கும் போனது. மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்து எழுந்த மாணவர்கள் சிலரும் அந்த வரிசையில் வந்து நின்றார்கள்.

2023 டிசம்பரில் மறுபடியும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து ஆற்றில் பரவியது. வீட்டுச் சுவரில் எண்ணெய்க் கோடு. படகும் வலையும் பாழ். அதைத் துடைத்துக்கூட முடிக்கவில்லை, அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்திலும் பக்கத்து ஊர்களிலும் தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மூச்சடைக்க ஓடினீர்கள். அந்த இரவின் முதல் காட்சிகளை எடுத்தது எந்தச் சேனலும் இல்லை. ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் செல்போனுமாக ஓடிய உங்கள் வீட்டு இளைஞர்கள்தான். அவர்கள் அனுப்பிய காட்சிகளைப் பார்த்த பிறகே நகரம் விழித்தது.

இதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இப்படி வரும் காட்சிகளுக்குக் கீழே பல சமயம் எடுத்தவர் பெயர் இருக்காது. 'சமூக வலைத்தளம்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சம்பளம் வாங்கும் ஒளிப்பதிவாளர் எடுத்தால் பெயர் போடுகிறோம்; உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்தவருக்குப் போடுவதில்லை. எங்கள் வகுப்பில் இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். குப்பத்திலிருந்து வந்த காட்சி எதுவானாலும் எடுத்தவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் சம்மதித்தால் பெயர் போட வேண்டும்; பெயர் வேண்டாம் என்றால் ஊர்ப் பெயராவது வேண்டும். பெயர் தெரியாது என்று சொல்லிக் கொண்டுவந்தால், போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பிவிடுவேன்.

பத்திரிகை என்பது உங்களுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு இல்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. சென்னையின் மீனவர் குடும்பம் ஒன்றில் 1860-ல் பிறந்த சிங்காரவேலர், 1923-ல் இந்த நாட்டின் முதல் மே தினத்தை இந்தக் கடற்கரையில் நடத்தினார். அதே வருடம் 'தொழிலாளன்' என்ற தமிழ் இதழையும் தொடங்கினார். பக்கத்தில் பெரம்பூர் மில் தொழிலாளர்களோடு 1918-ல் சங்கம் கட்டிய திரு.வி.க., 'தேசபக்த'னின் ஆசிரியர். பிறகு 'நவசக்தி' நடத்தியவர். வடசென்னையில் உழைப்பும் அச்சும் அருகருகேதான் வளர்ந்திருக்கின்றன. நீங்கள் மனு எழுதி எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலைக்குப் போகிற கலெக்டர் அலுவலகக் கட்டடத்தின் பெயர் சிங்காரவேலர் மாளிகை. அவர் பத்திரிகை நடத்தியவர் என்பது இதழியல் படிக்கிற பிள்ளைகளில் பலருக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி, "இது எதுல வரும்மா?" என்ற அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன். எங்கோ ஒரு மீனவர் தீவில் அதற்கு ஒரு பதில் கிடைத்தது.

1967-ல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஃபோகோ என்ற தீவு. மீன்பிடித்துப் பிழைக்கிற சனம். வருமானம் குறைந்துபோனதால், தீவைக் காலி செய்து மக்களை வேறு இடங்களில் குடியேற்றிவிடலாம் என்று அரசு நினைத்துக்கொண்டிருந்தது. அங்குள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையில் இருந்தவர் டான் ஸ்னோடன். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து இயக்குநர் காலின் லோ அங்கே வந்தார். தீவு மக்களின் துயரத்தைப் பற்றி ஒரு பெரிய படம் எடுத்து நகரத்தில் காட்டுவதுதான் வழக்கம். அவர்கள் அதைச் செய்யவில்லை. 27 சின்னச் சின்னப் படங்கள் எடுத்தார்கள். ஒருவர் பேச்சு, ஒரு கூட்டம், ஒரு கல்யாணம், ஒரு படகு கட்டுகிற வேலை. எடுத்த படத்தை முதலில் அதில் இருந்தவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். அவர்கள் சரி என்ற பிறகு பக்கத்து ஊருக்கு. ஒரே தீவில் இருந்தும் ஒன்று சேர்ந்து பேசாத ஊர்கள், அடுத்த ஊர்க்காரன் தன் கஷ்டத்தையே பேசுவதைத் திரையில் பார்த்தன. பிறகு அந்தப் படங்கள் அமைச்சர்களிடம் போயின. மீன்வளத் துறை அமைச்சர் சொன்ன பதிலையும் படமாக எடுத்துத் தீவுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். மக்கள் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். தீவை விட்டுப் போகவில்லை. படம் மட்டுமே இதையெல்லாம் செய்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே ஏற்கெனவே ஒரு முன்னேற்றக் குழு வேலை செய்துகொண்டிருந்தது. ஆனால் ஊர் கூடிப் பேசுவதற்கு அந்தப் படங்கள் ஒரு காரணமாக இருந்தன.

இதைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் நான் உங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊரிலும் ஒரு குப்பத்துக் கஷ்டம் இன்னொரு குப்பத்துக்கு முழுதாகத் தெரிவதில்லை. ஆற்றில் தொழில் செய்கிறவர்களுக்கும் கடலில் தொழில் செய்கிறவர்களுக்கும் வேறு வேறு கணக்கு. சாம்பல் குளங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட செப்பாக்கத்தார் சொல்வதைக் காசிமேட்டில் இருப்பவர் கேட்க வாய்ப்பில்லை. இத்தனை வருடங்களில் மாணவர்கள் எடுத்த படங்களில் எல்லோருடைய பேச்சும் இருக்கிறது. அவை கல்லூரி அலமாரிகளிலும் ஹார்ட் டிஸ்குகளிலும் மதிப்பெண் போடப்பட்டுக் கிடக்கின்றன.

நம் ஊரிலும் வழி காட்டியவர்கள் உண்டு. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1 அன்று 90.4 அலைவரிசையில் அண்ணா எஃப்.எம்.மைத் தொடங்கியது, இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. ஊடகம் படிக்கிற மாணவர்களோடு சுற்றுவட்டாரத்துப் பெண்களும் அங்கே நிகழ்ச்சி தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள். 2006-ல் விதி தளர்ந்து தொண்டு அமைப்புகளுக்கும் உரிமம் கிடைத்தது. 2016 ஆகஸ்டில் பாம்பனில் 'கடல் ஓசை' வந்தது. காற்று, அலை, மீன் விலை, கடலுக்குப் போனவர்களைப் பற்றிய தகவல் என்று மீனவர்களுக்காக மீனவர்களே பேசுகிற வானொலி. அண்ணா எஃப்.எம். ஒலிபரப்பு சில கிலோமீட்டர்தான் எட்டும். கிண்டியிலிருந்து எண்ணூருக்கு வராது. எண்ணூர்க் கரைக்கென்று ஒரு வானொலி வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆற்றில் எண்ணெய் வந்தால், காற்றில் நெடி வந்தால், முதல் நிமிடத்திலேயே உங்கள் குரலில் உங்கள் காதுக்கு வருகிற மாதிரி. அது நடக்க வருடங்கள் ஆகலாம். படம் போட்டுக் காட்டுவதற்கு அத்தனை வருடம் வேண்டியதில்லை.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கவனித்திருப்பீர்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளில் இப்போது உங்கள் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். புகைப்படக் கலைஞர் பழனிக்குமார் போன்றவர்கள் வடசென்னைப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களைக் கண்காட்சியாகவும் வைத்தார்கள். தாழங்குப்பத்திலிருந்து என் வகுப்புக்கு வருகிற ஒரு பெண், தன் அம்மா கூடை தூக்கிப் போகிற தெருவை எடுத்திருந்தாள். கேமரா அம்மாவின் முகத்துக்கு எதிரே போகவே இல்லை. பக்கத்தில், அதே நடையில், பேசிக்கொண்டே போகிறது. கூடை கனக்கும்போது அம்மா இடது கையை இடுப்பில் ஊன்றுகிற அந்த நொடிக்கு முன்பே கேமரா ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறது. வெளியிலிருந்து வருகிறவருக்கு அந்த நொடி தெரிந்திருக்காது. படிப்பு அவளுக்கு லென்ஸையும் ஒளியையும் கற்றுக்கொடுத்தது. எப்போது ஒதுங்க வேண்டும் என்பதை அவள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். ஃபீஸ் கட்டக் கஷ்டப்பட்டாவது அவளைப் படிக்க வைக்கிற அந்த அம்மாவுக்கு என் தனி வணக்கம். "பொம்பள புள்ள கேமராவ தூக்கிக்கினு சுத்துது" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆகவே, இந்த நன்றியோடு ஒரு வேலையையும் கையோடு கொண்டுவருகிறேன். எங்கள் மாணவர்கள் உங்கள் ஊர்களில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறோம். மற்ற கல்லூரி ஆசிரியர்களிடமும் கேட்டிருக்கிறேன். சிலர் அனுப்பியும் விட்டார்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் இருக்கும், எங்கள் பிள்ளைகளுக்கும் அப்போது தேர்வு முடிந்திருக்கும். அந்த இரண்டு மாதத்தில் வாரம் ஒரு குப்பமாக வந்து திரை கட்டிப் படம் போடுகிறோம். புரொஜெக்டர், ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் நாங்கள் கொண்டுவருகிறோம். கரண்ட் மட்டும் ஊர்ப் பொதுவில் கொடுத்தால் போதும். ஆற்றுத் தொழில் செய்கிறவர்களுக்குத் தடைக்காலம் கிடையாது என்பது தெரியும். உங்களுக்கு எந்த நாள், எந்த நேரம் தோது என்று ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள், அதற்குத் தக்கபடி வருகிறோம்.

படத்தில் யாராவது இறந்துபோனவர் இருந்தால் அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே காட்டிச் சம்மதம் கேட்போம். உங்கள் பேச்சில் இப்போது வெளியே போக வேண்டாம் என்று நீங்கள் நினைக்கிற இடம் இருந்தால் எழுந்து சொல்லுங்கள், அந்த இடத்தை எடுத்துவிடுகிறோம். தப்பாகப் பெயர் போட்டிருந்தாலும், ஊரை மாற்றிச் சொல்லியிருந்தாலும் அங்கேயே குறித்துக்கொள்கிறோம். வேறு குப்பத்துக்குப் போட்டுக் காட்டலாமா, வேண்டாமா என்பதையும் நீங்களே சொல்லுங்கள். இறால் உரித்துக்கொண்டே பேசிய அக்காவின் படமும் இருக்கிறது. முகத்துவாரக்குப்பத்தில்தான் முதலில் போடுகிறோம்.

இப்படிக்கு,
உங்களிடம் படித்த ஒரு காலடிப்பேட்டைக்காரி